ஜாக்கெட் போட்டவர்தான் கோச்

துபாய் அல் குசைஸில் எங்கள் தொழிலாளர் கேம்பை ஒட்டி ஒரு மலையாளி கஃபேட்டீரியா இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே டி.வி.யில் ஐரோப்பியக் கால்பந்து ஓடும். ஒரு சுலைமானி டீயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். எல்லோருடைய கண்ணும் பந்தின் பின்னால் ஓடும், இம்மானுவேலின் கண்ணைத் தவிர. கேமரா எப்போது மைதானத்தின் ஓரத்துக்குப் போகும், சூட் போட்டுக் கைகட்டி நிற்கும் கோச்சை எப்போது காட்டும் என்று அவர் காத்திருப்பார். காட்டியதும், “அகெய்ன் நோ” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிப்பார்.

இம்மானுவேல் கேமரூன்காரர், எங்கள் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன், எங்கள் தெருவிலேயே மூன்று இம்மானுவேல்கள் உண்டு. அதனால் பெயரைக் கேட்டதுமே பாதிப் பழக்கம் வந்துவிட்டது. அவர் தன் ஊரான துவாலாவில் இளைஞர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர், முறையான லைசென்ஸ் வைத்திருப்பவர். கிளப்களில் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்து, இப்போது பல்புகளையும் பைப்புகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் என்ன தேடுகிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. புல்லில் ஓடுகிறவர்களில் அவருடைய கண்டத்து ஆட்கள் எத்தனையோ பேர். பெரிய கிளப்பின் ஓரத்தில் நின்று அவர்களை ஓடச் சொல்கிறவராக மட்டும் அந்தக் கண்டத்து ஆளைக் காண முடிவதில்லை. கோல் அடிக்க ஆப்பிரிக்கா வேண்டும், எப்படி அடிப்பது என்று சொல்லித் தர மட்டும் அது ஆகாது போலிருக்கிறது. எப்போதாவது நடு சீசனில் கோச்சைத் துரத்திவிட்டால், துணைக்கு நின்றவருக்கு ‘தற்காலிகம்’ என்று நாலு மேட்ச் கிடைக்கும். நாலையும் ஜெயித்தாலும் ஐந்தாவதுக்குப் புது ஆள் விமானத்தில் வந்து இறங்கிவிடுவார்.

“லைக் யூ, பிரதர்” என்று இம்மானுவேல் என் முதுகில் தட்டினார்.

சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது. மூன்று வருடமாக என் மெயிலின் அடியில் ‘ஆக்டிங் மேனேஜர்’ என்றுதான் இருந்தது. இந்த வருடம் ஸ்காட்லாந்திலிருந்து கிரெய்க் வந்தார். ‘ஆக்டிங்’ போய்விடும் என்று நினைத்திருந்தேன், போனது ‘மேனேஜர்’. எந்தக் கட்டிடத்தில் எந்த மோட்டார் மக்கர் செய்யும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கிரெய்க் நல்லவர். அதுதான் பெரிய தொல்லை, மனசாரத் திட்டக்கூட முடியவில்லை.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிக்கு எங்கள் அணியைத் தயார் செய்தது இம்மானுவேல். டியூட்டி முடிந்ததும் கேம்புக்குப் பின்னால் இருக்கும் மணல் பொட்டலில், காலி பெயிண்ட் டப்பாக்களை நட்டு வைத்து, பிளம்பர்களையும் ஏ.சி. டெக்னீஷியன்களையும் ஓடவிட்டார். ஃபைனலுக்கு வந்துவிட்டோம். ஒரு கிளப்பிலிருந்து ஒருவர் மேட்ச் பார்க்க வருகிறார், சிறுவர் அணிக்கு உதவிக் கோச் தேடுகிறார் என்று செய்தியும் வந்தது. இம்மானுவேல் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். லைசென்ஸ் நகலை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார்.

ஃபைனலுக்கு எம்.டி.யும் வருகிறார் என்று தெரிந்ததும் நான் ஒரு வேலை செய்தேன். முதுகில் ‘கோச்’ என்று எழுதிய ஜாக்கெட் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், கிரெய்க் சார் அதைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும் என்று சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

இந்தப் புத்தியை நான் துபாயில் கற்றுக்கொண்டதாக ஊரில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். பெட்டியோடு கொண்டுவந்ததுதான். எங்கள் ஊர் அணியைப் பயிற்றுவித்தவர் வின்சென்ட் அண்ணன், துறைமுகத்தில் ஐஸ் சுமப்பவர். கல்லூரி மைதானத்தில் ஃபைனல் வந்தபோது, சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு ஆபீசரைக் கோச் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவரிடம் ஷூ இருந்தது. “சரிடே மக்கா, அவரே இரிக்கட்டும், எனக்கென்ன” என்று வின்சென்ட் அண்ணன் கயிற்றுக்கு வெளியே போய் நின்றார். அன்று அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜெயித்த சந்தோஷம்.

இம்மானுவேல் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். “நோ ப்ராப்ளம்” என்றார். தண்ணீர்ப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “ஜல்தி, பாய், ஜல்தி! ரைட்! ரைட்!” என்று கத்தினார். கிரெய்க் நான் சொன்னபடி கைகட்டி நின்றார். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

கிளப்பிலிருந்து வந்த அரபு மனிதர் நேராக ஜாக்கெட்டிடம் போனார். கிரெய்க் பதறிவிட்டார். “நான் இல்லை. எனக்கு கோல்ஃப் மட்டும்தான் தெரியும். கோச் அவர்தான்” என்று தண்ணீர்ப் பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

“மாஷா அல்லாஹ், வெரி ஹம்பிள்!” என்று அந்த மனிதர் சிரித்தார். எம்.டி.யும் சிரித்தார். பிறகு கிளப்காரர் என் பக்கம் திரும்பி, கிரெய்க்கைக் காட்டி, “ஹீ இஸ் கோச், நோ?” என்றார்.

நான் எம்.டி.யைப் பார்த்தேன். என் தலை ஆடியது. நம் ஊர்த் தலையாட்டல், ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். கிளப்காரர் ஆமாம் என்று வைத்துக்கொண்டார். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எந்த அர்த்தத்தில் ஆட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

கிரெய்க் இரண்டு முறை மறுத்தார், மூன்றாவது முறை ஒப்புக்கொண்டார். இப்போது சனிக்கிழமைகளில் அந்தச் சிறுவர்களுக்கு அவர்தான் உதவிக் கோச். வியாழக்கிழமை ஸ்டோருக்கு வந்து, என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இம்மானுவேலிடம் கேட்டுக்கொள்வார். பழைய மெட்டீரியல் ரிக்வெஸ்ட் தாள்களின் பின்பக்கம் இம்மானுவேல் அம்புக்குறிகள் போட்டுக் கொடுப்பார். இதெல்லாம் எங்கள் ஸ்டோர் கீப்பர் போட்டது என்று கிரெய்க் கிளப்பில் சொல்லத்தான் செய்கிறார். “ஆப்பிரிக்காவா? கூட்டி வாருங்கள், எங்கள் வெட்டரன்ஸ் டீமில் ஓட ஆள் வேண்டும்” என்றார்களாம்.

போன சனிக்கிழமை ஸ்டோருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இம்மானுவேல் பைப்புகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

“ஐ சா யுவர் ஹெட், பிரதர்” என்றார்.

அவர் ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்தார். கிளப்பில் வேறு ஜாக்கெட் கொடுத்துவிட்டதால் கிரெய்க் இதை விட்டுவிட்டுப் போயிருந்தார். இம்மானுவேல் தன் வீட்டில் எல்லோரிடமும் கோச் வேலை கிடைத்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம், ஒரு போட்டோ வேண்டும் என்றார். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கிரெய்க் நின்ற மாதிரியே கைகட்டி நின்றார். எடுத்தேன். பார்த்துவிட்டு, “நவ் யூ” என்றார்.

என் மனைவியும் ஃபோனில் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். “இங்க எல்லாருட்டயும் மேனேஜருன்னு சொல்லியாச்சு. அந்தக் கசேரில இருந்து ஒரு போட்டோ அனுப்பப்பிடாதா?” இருவரும் கிரெய்க்கின் அறைக்குப் போனோம். நாற்காலி உயரமாக இருந்தது, என் கால் தரையில் படவில்லை. அடியில் இருந்த லீவரை அழுத்தி இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இம்மானுவேல் போட்டோ எடுத்தார்.

துவாலாவில் அவர் கோச் ஆனார், எங்கள் ஊரில் நான் மேனேஜர் ஆனேன். வாழ்த்துகள் வர ஆரம்பிக்கும்போதே கிரெய்க்கின் கார் உள்ளே வரும் சத்தம் கேட்டது. இம்மானுவேல் ஜாக்கெட்டை ஆணியில் மாட்ட ஓடினார். நான் நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றி வைத்தேன்.