சென்னை டொக்டரின் நூற்றெண்பத்தாறு

மகளின் வலது முழங்காலுக்கு மேலே இருந்த வீக்கம் அடிபட்ட வீக்கம் அல்ல, எலும்பில் வந்த புற்றுநோய் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்குப் பதினாலு வயது. காலைத் தொடையோடு எடுக்கவேண்டும், பிறகு மருந்து ஏற்றவேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். மூன்று கிழமை தள்ளி ஒரு நாளும் குறித்துத் தந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, வாசல் தெரியாமல் ஒரே விறாந்தையை இரண்டு தரம் சுற்றினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். நாங்கள் இருப்பது மட்டக்களப்புக்கு வடக்கே வாழைச்சேனையில். கடதாசி ஆலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. கடதாசியின் பாரத்தையும் தடிப்பையும் ஈரத்தையும் அளந்து பதிவதுதான் தொழில். இந்த நாட்களில் ஆலை ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஆனாலும் ஒன்றை அளந்துவிட்டால் அதைப்பற்றி ஏதோ தெரிந்துகொண்டதாக நினைக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

லண்டனில் மனைவியின் தம்பி இருந்தான். வெளிநாட்டுக்குப் பேசும் கொமினிகேஷன் கடையில் முறைக்குக் காத்திருந்து அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவனே எடுத்தான்.

"அத்தான், காலை வெட்ட விட்டிராதீங்க. சென்னையில ஒரு டொக்டர் இரிக்கிறார். எலும்பில பழுதான துண்டை மட்டும் எடுத்திட்டு உள்ளுக்குக் கம்பி வைக்கிறாராம். புற்றுநோயில ஆராய்ச்சி செய்யிற ஆள். நிறைய எழுதியிருக்கிறார்."

"நல்ல ஆளோ?"

"பெரிய ஆள் எண்டு சொல்றாங்க."

"சொல்றது கிடக்கட்டும். எவ்வளவு பெரிய ஆள் எண்டு பாத்துச் சொல்லு."

இதை நான்தான் கேட்டேன். அவன் தானாகச் செய்யவில்லை.

அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் தலையணை மொத்தத்தில் புத்தகங்கள் இருக்கின்றனவாம். எந்த ஆராய்ச்சியாளரின் கட்டுரையை வேறு யார் யார் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று வருடம் வருடமாக அவற்றில் அச்சிட்டிருக்குமாம். சினேகிதன் ஒருவனின் அட்டையைக் காட்டி உள்ளே போய், இரண்டு சனிக்கிழமை அங்கிருந்து எண்ணினான் மச்சான். சென்னை டொக்டர் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனை தரம் எடுத்துக்காட்டப்பட்டது என்று பேனையால் எழுதி அனுப்பினான். எங்கள் ஊர்க் கடையில் லைன் வேலை செய்யாததால் மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு கடைக்குத்தான் அது தொலைநகலில், பெக்ஸில், வந்தது.

ஏழு தாள். பெரும்பாலான எண்கள் சின்னவை: மூன்று, ஒன்பது, பூச்சியம். நாலாம் தாளில் ஒன்றுக்கு நேரே மட்டும் நூற்றெண்பத்தாறு என்று எழுதி, இரண்டு கோடும் கீறியிருந்தான். திரும்பி வரும் பஸ்ஸில் அந்த இலக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் பையில் இருந்த தாள்களை ஒரு ஆமிக்காரர் விரித்தார். வரிசையாகக் கட்டுரைகளும் அவற்றைச் சேர்ந்து எழுதிய ஆட்களின் பெயர்களும், பக்கத்தில் கையால் எழுதிய எண்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பெக்ஸ். அவருடைய முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன கொண்டுவருகிறேன் என்பது எனக்கே உறைத்தது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

மண்மூட்டை அடுக்கிய குடிலுக்குள் இருத்தினார்கள். கொஞ்சம் வயதான ஒருவர் வந்து, தாளில் விரலை வைத்து, "மே நம்பர் மொனவாத?" என்று கேட்டார். இந்த எண்கள் என்ன என்று கேட்கிறார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் எழுத்தில் எடுத்துக்காட்டிய தரம் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே எனக்கு அது தடக்கியது. மகளின் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"லெட்டு, மாத்தயா. சனீப உன லெட்டு."

நோயாளிகள், சுகப்பட்ட நோயாளிகள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தாள்களைப் புரட்டினார். நூற்றெண்பத்தாறில் விரல் நின்றது. "மெச்சர?" இவ்வளவு பேரா என்று கேட்கிறார். நான் ஓம் என்று தலையாட்டினேன். கிளினிக் கொப்பியில் மகளின் வயதைப் பார்த்தார். பிறகு சிகரெட் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் அந்த டொக்டரின் பெயரை எழுதித் தரச்சொன்னார். தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி, "அம்மாட்ட" என்றார். அவருடைய அம்மாவுக்கு மார்பில் கட்டியாம்.

எழுதிக் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸை அவரே மறித்து என்னை ஏற்றிவிட்டார்.

இப்போதும் எனக்கு விளங்காதது அதற்குப் பிறகு நடந்ததுதான். வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி கேட்டாள்.

"என்னவாம்? ஆள் எப்பிடியாம்?"

"நூத்தெண்பத்தாறு பேரைச் சுகப்படுத்தின ஆள்" என்றேன்.

அங்கே ஆமிக்காரர் யாரும் நிற்கவில்லை. பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. பஸ்ஸில் வந்த அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அது எனக்கு உண்மையாகிவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தாலும் எலும்பு முறிந்தாலும், பரிகாரியாரிடம் போகுமுன் அவரால் சுகப்பட்டவர்கள் யார் என்று கேட்போம். அவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வருவோம். வைத்தியம் செய்பவருக்கு நேரே ஒரு எண் இருந்தால் அது சுகப்பட்ட ஆட்களின் எண்ணாகத்தானே இருக்கவேண்டும் என்று என் மனம் எடுத்துக்கொண்டது போலும். இல்லாவிட்டால் பயத்தில் புத்தி பேதலித்திருந்தேன்.

அடுத்த நாளே அயலெல்லாம் செய்தி போய்விட்டது. "நூத்தெண்பத்தாறு பேராமே!" என்று வேலிப் படலையில் நின்று கேட்டார்கள். மகள் கட்டிலில் இருந்தபடி கேட்டாள்.

"அப்பா, அந்த நூத்தெண்பத்தாறு பேரில எத்தின பேர் நடக்கிறாங்க?"

"எல்லாரும்தான் புள்ள."

"நீங்க கண்டீங்களா?"

"அப்பாவோட வாய்க்கு வாய் கதைக்காத" என்று தாய் அதட்டினாள்.

கொழும்புக்குத் தந்தி அடித்தேன், குறித்த நாளில் வர இயலாது என்று. பாஸ்போட்டுக்கு எழுதிப்போட்டேன். சென்னை டொக்டருக்கும் ஒரு கடிதம் போட்டேன். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. ஆமி பாதை பூட்டிய நாட்களும் அதற்குள் இருந்தன. மகளின் முழங்காலுக்கு மேலே தையல் நாடாவால் தினமும் சுற்றளவு எடுத்தேன். கூடியிருந்தால் நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கி இரண்டாம் தரமும் எடுப்பேன்.

மச்சான் மறுபடி பேசியபோது ஒரு யோசனையைச் சொன்னேன்.

"அந்த நூத்தெண்பத்தாறு பேரில ஒராளோட கதைக்க ஏலுமா எண்டு பாரு. சின்னப் புள்ளைகள் ஆரும் இருந்தா நல்லம்."

"என்ன அத்தான் சொல்றீங்க? அது நோயாளிகள் இல்லயே. மற்ற ஆராய்ச்சிக்காரர் இவர எடுத்துக்காட்டின தரம். நான் அப்பவே சொன்னனே."

"ஓம், சொன்னாய்தான்."

"அத்தான், நீங்க நல்லா இரிக்கிறீங்களா?"

"அப்ப அவங்க இவர நல்லம் எண்டா எழுதியிரிக்கிறாங்க?"

"அது தெரியா. எடுத்துக்காட்டினத மட்டும்தான் எண்ணுவாங்க. பிழை எண்டு எழுதினாலும் ஒண்டுதான்."

நூலகத்துக்குத் திரும்பப் போய், பெரிய இலக்கத்துக்குரிய கட்டுரையை எடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன். அடுத்த கிழமை அவன் சொன்னது என்னை இன்னும் குழப்பியது. அந்தக் கட்டுரை கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்த உயிரணுக்களைப் பற்றியது. கால் பற்றியே அதில் பேச்சில்லை. பிள்ளைகளின் காலைக் காப்பாற்றுவது பற்றிய கட்டுரை கடைசித் தாளில் இருந்தது. அதற்கு நேரே இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, டொக்டர் தன்னுடைய இன்னொரு கட்டுரையில் தன்னையே எடுத்துக்காட்டியது.

"அப்ப ஆள் சரியில்லயா?"

"அப்பிடியும் சொல்ல ஏலாது அத்தான். அது போன வருசம் எழுதினது. மத்தவங்க படிச்சு எழுதவே காலம் எடுக்கும்."

"பெரிய இலக்கத்தாலயும் ஒண்டும் விளங்காது, சின்ன இலக்கத்தாலயும் ஒண்டும் விளங்காது. அப்ப என்னத்துக்கடா எண்ணின நீ?"

"நீங்கதானே எண்ணச் சொன்னீங்க" என்றான். அழுகிறான் என்று தெரிந்தது. நான் வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் மகளுக்கு வலி தாங்கமுடியாமல் போனது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அந்தச் சாவடியில் இறங்கியபோது, சிகரெட் மட்டையில் பெயர் வாங்கியவரைத் தேடினேன். எல்லாம் புது முகங்கள். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. என் பேச்சை நம்பி அவர் தாயைக் கடல் கடந்து கொண்டுபோனாரா, அல்லது அந்த மட்டை சட்டைப் பைக்குள்ளேயே கசங்கிப்போனதா என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் தாள்களை வாங்கிப் பார்த்தார். நான் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, இது அவருக்கு உத்தியோகம் குடுக்கிற ஆக்கள் பாக்கிற கணக்கு. பேராசிரியராப் போடலாமா, ஆராய்ச்சிக்கு உதவி குடுக்கலாமா எண்டு பாக்கிறது. உங்கட மகள்ற காலுக்கு இதில பதில் இல்ல. எத்தின பிள்ளைகளுக்குச் செஞ்சீங்க, இப்ப எப்பிடி இரிக்கிறாங்க எண்டு அவரிட்டயே கேக்க வேணும். கேட்டீங்களா?"

நான் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

"இனிக் காத்திருக்க ஏலாது. நாளைக்கே கொழும்புக்கு அனுப்பிறன்" என்றார்.

கொழும்பில் அதே நிபுணர் ஏசவில்லை. எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். தவறிப்போன கிழமைகளால் நட்டம் ஏற்பட்டதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். கையெழுத்து வைத்தேன். காலை எடுத்தார்கள்.

சென்னையிலிருந்து கடிதம் வந்தபோது மகள் மருந்து ஏற்றி, தலைமயிர் கொட்டி, வீட்டில் இருந்தாள். சாவடிகளையும் தபாலகங்களையும் தாண்டி அது வர அவ்வளவு காலம் பிடித்திருந்தது. ஒரு பக்கம், தட்டச்சில். ஏழு பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன், இரண்டு பேருக்குப் பிறகு காலை எடுக்கவேண்டி வந்தது, ஒரு பிள்ளை இறந்துவிட்டது, உங்கள் மகளின் படத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டேன், தூரமும் நாட்டு நிலைமையும் தடையாக இருந்தால் என்னை எதிர்பார்த்துத் தாமதிக்கவேண்டாம், இவ்வளவுதான்.

மகள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக அதைப் படித்தாள்.

"நல்ல மனுசன் போல இரிக்கிறார்" என்றாள்.

"எப்பிடிச் சொல்றாய்?"

"செத்த புள்ளையையும் எழுதியிரிக்கிறாரே. நீங்க எண்டா எல்லாரும் நடக்கிறாங்க எண்டுதானே எழுதுவீங்க."

அவள் கோபத்தில் சொன்னாளா பகிடிக்குச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, அவருக்குப் பதில் போடச் சொன்னாள். இப்போது எப்படி இருக்கிறாள் என்று அவருக்கு எழுத வேண்டுமாம்.

அதைத்தான் எழுதமுடியாமல் இருக்கிறேன். நோய் நெஞ்சுக்குப் போகவில்லை என்று இரண்டு எக்ஸ்ரே படம் பார்த்துச் சொன்னார்கள். மூன்றாவது படம் எடுக்கும் நாள் வருகிற கிழமை. பாதை திறந்திருக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.