வலது கையில் ஒட்டிய வாடை

அய்யா செத்து ஏழு மாதம் ஆகியும் நான் கரண்டியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் அவர் படுக்கையில் கிடந்தார். கனத்த உடம்பு. இடது கையால் புரட்டிப் பிடித்தால் வலது கையால்தான் கழுவ முடியும். அந்தக் கை சோற்றை நோக்கிப் போனாலே எனக்குக் குமட்டும். சோப்பு, எலுமிச்சைத் தோல், அடுப்புச் சாம்பல், எதற்கும் போகாத வாடை. அபிராமத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் கரண்டி கேட்டேன். "ஏலே, நம்ம மாப்பிள்ள தொரையாகிட்டாருடா!" என்றான் மச்சான். பந்தியே சிரித்தது.

என் மனைவிதான் அனுப்பினாள். "உடம்பு வழியா மனசச் சரிபண்ற முகாமாம், ராமேஸ்வரத்துல. போய்ட்டு வாங்க. கையால திங்கிற மனுசனாத் திரும்பி வாங்க."

கடலோர விடுதியின் கூடம். யார் யாரோ வியர்த்த பாய்கள். படுத்துக்கொண்டு உடம்பை நடுங்க விடச் சொன்னார் சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர். பக்கத்துப் பாயில் ஒருவர் மூக்கு ஒழுக ஊளையிட்டார். பயிற்சியாளரின் எண்ணெய்ப் பிசுக்கான விரல்கள் என் தோளை அமுக்கின.

"அப்பா மேல உள்ள அன்பு இங்கதான் உறைஞ்சு கிடக்கு. அழுதுடுங்க."

"அழுகை வரல சார். அருவருப்புதான் வருது."

"அதுக்கு அடியில பாருங்க. அன்பு இருக்கும்."

அடியில் பார்த்தேன். படுக்கைப்புண் இருந்தது. மூத்திரத்தில் ஊறிய வேட்டி இருந்தது. எல்லாரும் என்னிடம் துக்கத்தையே கேட்டார்கள். என்னிடம் இருந்தது யாருக்கும் வேண்டாம்.

மதியத்துக்கு முன் எங்களைக் கடலுக்குள் இறக்கினார். "உடம்பு பிடிச்சு வச்சிருக்கிறத எல்லாம் இங்கயே விட்டுடுங்க" என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கடலில் விடுவதென்றால் ஒன்றுதான்: முங்கி எழுந்து, உடுத்தியதை அவிழ்த்துப் போட்டுவிட்டு வரவேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்றி எறிந்தார்கள். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த பெண் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினாள்: "மாத்துச்சேல கொண்டாரலையே சார்! முன்னக்கூட்டியே சொல்ல வேணாமா?"

நானும் துண்டை விட்டேன். அலை அதைத் திருப்பிக்கொண்டு வந்தது, கூடவே யாரோ எப்போதோ விட்டுப்போன வேட்டி ஒன்றை. பாசி பிடித்து, வழவழத்து, என் காலைச் சுற்றியது. குனிந்து எடுத்தேன். யோசிக்கவில்லை. கை தானாக அதை மடித்தது, முறுக்கிப் பிழிந்தது, உதறியது, இரண்டு வருடம் தினமும் செய்தது போலவே. அதே கனம். அதே வழவழப்பு. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

பயிற்சியாளர் கை தட்டினார். "அருமை! வெளிய வருது பாருங்க!"

வந்தது காலையில் தின்ற பொங்கல்.

மதியம் இலை போட்டார்கள். ஆர்.எஸ்.மங்கலத்துப் பெண், விடுதிக்காரர் கொடுத்த லுங்கியைச் சுற்றிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கரண்டிக்காகப் பையைத் துழாவுவதைப் பார்த்தாள்.

"கையில காயமாண்ணே?"

"எங்க அய்யாவக் கழுவுன கை. அருவருப்பா இருக்கு." பந்தியில் சொல்கிற பேச்சா? சொல்லிவிட்டேன்.

அவள் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தாள். "பின்ன, அருவருக்காமயா இருக்கும்? நான் எங்க மாமியாளுக்கு மூணு வருசம் பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் பாத்தேன். அதுக்காகப் பாக்காமயா விட்டேன்? சோறு ஆறுது, தின்னுங்க."

கரண்டி பையிலேயே கிடந்தது. விரல்களைச் சோற்றில் வைத்தேன். சூடு. அய்யாவின் வாடை, அதன் மேல் பாசியின் வாடை. மூன்று கவளம் இறங்கியது. நாலாவது தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் குடித்து அதையும் உள்ளே தள்ளினேன்.