முன் சீட்டும் இரண்டு கேலன் தண்ணீரும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு. பாதி மறந்தும் போச்சு. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டைக்கு முந்தின சமயம். கல்யாணமாகி ஆலங்குளத்துப் பக்கமிருந்து தென்காசிக்கு வந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் குற்றாலத்துக்கு ஒரு பஸ் ஓட்டினார்கள். இவுக டிரைவர், அவர் கண்டக்டர். நான் அருவியைப் பார்த்ததே கிடையாது. "ஆனி முடியுறதுக்குள்ள முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று இவுக சொல்லியிருந்தார்கள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்களே.

அந்த ஆனியில் பார்த்துத்தான் பஸ் படுத்துவிட்டது. இஞ்சின்மேல் கனத்த இரும்பு மூடி, அதைச் சுற்றி நட்டுகள். இவுக கைப்பலத்தில் முறுக்கியதில் ஒரு போல்ட்டு முறிந்துபோனது. மதராசிலிருந்து ரயிலில் வேறு வருவதற்குள் பாதி ஆனி போயிற்று. இன்னொன்று முறிந்தால் என் அருவியும் போச்சு.

அதனால் இந்தத் தடவை பஸ்ஸோடு வந்த புத்தகத்தில் உள்ளபடிதான் முறுக்கணும் என்று கொழுந்தனார் ஒரே பிடியாக நின்றார். அந்த பஸ் இங்கிலீஷ்காரன் செய்தது இல்லை, வேறு சீமை. ஒரு மீட்டர் தள்ளிப் பத்து கிலோ தொங்கினால் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு முறுக்கச் சொல்லியிருந்தது. நமக்கு ராத்தலும் அடியுந்தானே பழக்கம்? பத்து கிலோ இருபத்திரண்டு ராத்தல் என்று கொழுந்தனார் கணக்குப் போட்டார். ஒரு கேலன் தண்ணீர் பத்து ராத்தலாம். இரண்டு கேலன் பெட்ரோல் டின்னில் தண்ணீர் நிறைத்தால், டின் கனத்தோடு சரியாக வந்துவிடும். தண்ணீர் இறைத்துக் கொடுத்தது நான். ஸ்பானரில் ஒரு அடி தள்ளி டின்னைத் தொங்கவிட்டார்கள். ஸ்பானர் கீழே இறங்காமல் நின்றால் அடுத்த நட்டு.

மறுநாள் குற்றாலம் போகிற வழியில் மேலகரத்திலேயே மூடியிடுக்கில் ஆவி சீறி பஸ் நின்றுவிட்டது. ஜனங்கள் சாரலில் குடை பிடித்து நடந்தார்கள். எனக்கு அழுகையே வந்தது.

"ஏலே, ஒன் புத்தகத்தை அடுப்புல போடு. நான் கையால முறுக்குதேன்" என்றார்கள் இவுக.

"முறிச்சிராத அண்ணே! இன்னொரு தடவை பார்ப்போம்" என்று கொழுந்தனார் கெஞ்சினார்.

மறுபடி டின் தொங்கியது. ஆடி ஆடி இஞ்சினில் டங் டங்கென்று இடித்தது. இவுக முன்னால் பேச எனக்குக் கூச்சம். கொழுந்தனாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளிக் கட்டினா இடிக்காதே. மீட்டர்னா இம்புட்டுக் கிட்டவா?"

"இல்ல மதினி, மீட்டர்ங்கது கஜத்தை விடக் கூட..." என்றவர் திறந்த வாயை மூடவில்லை.

இவுகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே, கிலோவ ராத்தலாக்குன. மீட்டரை அப்படியே அடின்னு வச்சிட்டியா? மூணுல ஒரு பங்குகூட முறுக்கலயேலே!"

"நீயுந்தான பக்கத்துல நின்ன!"

ஜவுளிக்கடையில் கஜக்கோல் இரவல் வாங்கி வந்தார்கள். கஜத்துக்கு மேல் மூணு அங்குலமும் கொஞ்சமும் கூட்டி ஒரு இரும்புக் குழாயை அறுத்து, ஸ்பானர் பிடியில் மாட்டி, நட்டிலிருந்து அந்த அளவு தள்ளி டின்னைத் தொங்கவிட்டார்கள். குழாய்க்கும் கனமுண்டு என்று டின்னில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டினார் கொழுந்தனார். குழாய் இறங்க இறங்க, முறிகிற சத்தம் கேட்குதா என்று காது கொடுத்து நின்றேன். ஒரு போல்ட்டும் முறியவில்லை.

ஆனி கடைசியில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். மேலகரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முழிச்சுப் பாரு, தாண்டியாச்சு" என்றார்கள் இவுக.

அருவியில் நின்றபோது மூச்சு முட்டியது. வெளியே வர மனசில்லை. காலடியில் வைத்துக் கொண்டுபோன அந்த டின்னில் அருவித் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள்.

ஒரு மீட்டரில் ஒரு கிலோ தொங்கினால் ஏழேகால் அடி-ராத்தல் என்று கொழுந்தனார் பிறகு சொல்லிக்கொண்டே திரிவார். ஏழேகாலா, எட்டேகாலா என்று இப்போது எனக்குச் சந்தேகம். கணக்குத் தெரிந்த யாராவது போட்டுப் பார்த்து, தப்பென்றால் திருத்திவிடுங்கள்.