கண் வைத்த படம்

கல்முனைப் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடும் அவளுக்குத்தான். என் உம்மா எனக்குத் தந்த சீதன வீட்டில் கணவர்தான் வந்து குடியேறினார். என் சொந்தச் சுவரில் என் முகத்தை வரைந்து மாட்ட நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆனாலும் முதல் படம் வரையுமுன் உம்மாவிடம் கேட்டேன்.

"வரையிறண்டா வரை புள்ள. கண்ண மட்டும் வெக்காத. உசிரில்லாத படமெண்டாத்தான் மலக்குமார் ஊட்டுக்கு வருவாங்க" என்றார். மலக்குமார் என்றால் வானவர்கள்.

நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் போதெல்லாம் என்னையும் ஒருமுறை வரைந்தேன், கண் இல்லாமல். பள்ளிக்கூடத்தில் நான் சித்திரம் படிப்பிக்கிறவள். பிள்ளைகள் கண்ணை விட்டுவிட்டு முகம் வரைந்தால் புள்ளியைக் குறைப்பேன். வீட்டிலோ என் படங்கள் வரிசையாகத் தொங்கின. நெற்றியில் கோடு விழுந்தது, தாடை தளர்ந்தது, எல்லாம் இருந்தது. பார்த்தவளை மட்டும் காணோம்.

போன வருஷம் கண்புரைக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அல்லாஹ்வே! நரைத்த புருவத்துக்குக் கீழே இரண்டு கண்கள் என்னை முறைத்தன. நானும் ஐந்து நேரம் தொழுகிறவள்தான். அவன் தந்த கண்ணை இல்லையென்று விட நான் யார்? அந்தப் பெருநாளுக்குக் கண் வைத்தே வரைந்தேன். கருவளையத்தையும் விடவில்லை.

பிறகு மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வரும் நாளில் என் கணவரின் அக்கா முன்கூட்டியே வந்து, சுவரில் தொங்கிய அந்தப் படத்தைக் காட்டினார்.

"என்ன புள்ள, சம்பந்தம் கதைக்க வாற நேரத்தில இப்பிடி முறைச்சிக்கிட்டு இரிக்காய்? அதக் கழட்டு!"

"ஏலாது மதினி. இது உங்கட தம்பிர ஊடில்ல, என்ட ஊடு."

"நாளைக்கு ஒண்ட மகள்ர ஊடு. அவளிட்டக் கேட்டியா?"

சுருக்கென்று குத்தியது. நான் கேட்கவில்லைதான். என் பிடிவாதத்தால் பிள்ளையின் கல்யாணம் குழம்பினால்?

நான் உடுப்பு மாற்றிவிட்டு வருவதற்குள் மதினி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வந்தமர்ந்த மாப்பிள்ளையின் உம்மா முதலில் கேட்டதே அதைத்தான்: "ஏன் அந்தப் படத்தத் திருப்பி வெச்சிரிக்கி?"

மதினி என்னைப் பார்த்தார். தேநீர் கொண்டு வந்த மகள் தட்டை வைத்துவிட்டு, நேரே போய்ப் படத்தைத் திருப்பினாள்.

"இது எங்கட உம்மா, மாமி. ஊடு எனக்கெண்டா இந்தப் படமும் எனக்குத்தான். கழட்ட மாட்டன்."

மாப்பிள்ளையின் உம்மா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தொழுற அறைக்குள்ள மாட்டாட்டிச் சரி" என்று சொல்லித் தேநீரை எடுத்தார்.

என் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வருகிற பெருநாளுக்கு இந்தக் கண்ணீரையும் சேர்த்து வரைவேன்.