பெயரைப் படித்துக் காட்டியவர்

திருத்தணியில் ஒரு விண்ணப்ப மையத்தில் தட்டச்சு செய்த அக்கா அவர். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து, வந்தவர் தலையாட்டிய பிறகே பொத்தானை அழுத்துவார்.

அவர் அடிக்கும் பெயர்களைச் சென்னை சர்வருக்கு அனுப்பும் ஏபிஐ நிரல் என்னுடையது. தமிழ்ப் பெயர்கள் அங்கே வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தன.

"நான் சரியாத்தான் அடிக்கறேன் நைனா. உன் புரோகிராமைப் பாரு."

"நூறு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன்க்கா!"

நூறும் ஆங்கில எழுத்தில் அடித்த பெயர்கள். தட்டச்சுப் பிழை என்று மேலிடத்துக்கு எழுதினேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுவாரம்தான் கண்டுபிடித்தேன். எழுத்துகள் தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டில் வருகின்றன என்று சர்வருக்குச் சொல்லும் ஒரே ஒரு வரியை நான் எழுதவே இல்லை. சேர்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டார்.

"இப்போ பேருங்க ஒழுங்கா போவுதா?"

"ஆங், போவுதுக்கா."

"அப்போ சரி" என்று பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். பிழை யாருடையது என்று கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ?