தேநீர்க்கடைக்காரி விசாரித்த பிள்ளை

நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். கண்ணூறு பட்டது, ஏதோ பிடித்துவிட்டது என்று கையில் நூல் கட்டிக்கொண்டு வருகிறவர்களைக்கூட, முதலில் காய்ச்சலுக்கு மாத்திரையைப் போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறவள். எங்கள் அம்மன் கோயில் சடங்கில் தெய்வம் ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தும் எனக்கு இந்த விஷயங்களில் மனம் ஒட்டியதே இல்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இதில் இருட்டும் இல்லை, அலறலும் இல்லை. முக்கால்வாசியும் நல்ல வெயிலில் நடந்தது.

என் கணவர் கல்லடியில் படகு எஞ்சின் திருத்துகிறவர். போன வருடம் அவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினார். வீட்டுக்கு வந்து சில நாள் போனதும், "உப்புத் தண்ணியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு கலா. எங்கயாவது போய் ஒருக்கா ஆத்துத் தண்ணியில குளிச்சிட்டு வருவம்" என்றார். அவராக எதையும் கேட்கிறவர் இல்லை, கேட்டுவிட்டாரே என்று நானும் லீவு போட்டேன்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அந்தப் பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள். பிறகு எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தோம், ஒன்றும் தங்கவில்லை. அவள் இருந்திருந்தால் அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போயிருப்பாள். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் விட்டுக் கனகாலம்.

செங்கலடியால் திரும்பி மகாஓயா வழியாக பஸ்ஸில் மகியங்கனைக்குப் போனோம். வயல், பிறகு காடு, பிறகு தூரத்தில் நீலமாக மலை. மகியங்கனை பழைய ஊர், மகாவலி ஆற்றங்கரையில் வெள்ளை வெளேரென்ற தாதுகோபம், அதைச் சுற்றிப் பூ விற்கிறவர்கள், ஊர் முழுக்க ஒரு அமைதி. ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தோம். அங்கே பொறுப்பாக இருந்தவர் வயதான சிங்களவர். என் கணவருக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்த ஆள் அவரைக் கண்டதும், தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். விருந்தாளிகளிடம் அப்படித்தான் சிரிப்பார்களாக்கும் என்று நினைத்தேன்.

பொழுதுபட்டதும் சாப்பாடு கொண்டுவந்தார். எங்களுக்கு இரண்டு தட்டு, கூடவே சின்னத் தட்டு ஒன்றில் உறைப்பில்லாத சோறும் பருப்பும். இது யாருக்கு என்று இவர் சிங்களத்தில் கேட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"சின்ன மகளுக்காம். எங்க அவ, விளையாடப் போயிட்டாவா எண்டு கேக்கிறார்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று இவர் விளக்கிச் சொன்னார். அந்த மனிதர் இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"உங்களப்போல ஆக்கள் நாடு முழுக்க இரிக்கிறாங்க போல" என்று நான் சொல்ல, அவரும் சிரித்தார். அதோடு படுத்துவிட்டோம். நம்பினால் நம்புங்கள், இரவு ஒன்றுமே நடக்கவில்லை, நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் காலை ஒரு ஆட்டோ பிடித்து நீர்வீழ்ச்சிக்குப் போனோம். மலையடியில் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு தேநீர்க்கடை. கடைக்காரி மலையகத்துத் தமிழ்ப் பெண், கலியாணம் கட்டி அந்தப் பக்கம் வந்தவளாக இருக்க வேண்டும். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வாங்க ஐயா, வாங்க. பாப்பா வரலீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். "எந்தப் பாப்பா?"

"என்னங்க இப்பிடிக் கேக்குறீங்க? போன போயாவுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்களே, முன்பல்லு விழுந்த பாப்பா. அவிச்ச சோளம் வேணும்னு அழுதுச்சே."

"அக்கா, நான் இஞ்ச வாறது இதுதான் முதல் தரம். நீங்க வேற ஆரையோ நினைச்சுச் சொல்லுறீங்க."

அவள் இவருடைய முழங்கைக்குக் கீழே இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினாள். "இதயுமா மறந்துருவேன்? எஞ்சின் சுட்டதுன்னு நீங்கதான சொன்னீங்க. மட்டக்களப்புன்னும் சொன்னீங்க."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எந்தப் பொம்பிளைக்கும் தோன்றுவதுதான். இந்த மனுஷனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் போன போயா, அந்தப் பௌர்ணமி அன்று இவர் டெங்கு வார்டில் கிடந்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கியவள் நான். அவர் எழும்பித் தனியாக நடக்கக்கூட ஏலாத நாள் அது.

அப்படியானால் இவள் யாரைக் கண்டாள் என்று அறியத்தான் கேட்டேன். "புள்ளட அம்மா வரல்லயா?"

அவள் குரலைத் தணித்தாள். "புள்ளயப் பெத்துப்போட்டு அன்னைக்கே போயிட்டாங்களாமேம்மா. ஐயாதான் சொல்லிக் கவலப்பட்டாரு." அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தாள். கழுத்தில் தாலிக்கொடியைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. "கட்டிக்கிட்டீங்களா ஐயா? நல்லதுதான். பொம்பளப் புள்ளைக்கு ஒரு அம்மா வேணுமில்ல."

என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். கேத்தல் பிடித்த சூடு அந்தக் கையில் இருந்தது. "பாப்பாவ நல்லாப் பாத்துக்கங்கம்மா. ரொம்ப நல்ல புள்ள."

"ஓம், பாத்துக்கொள்ளுவன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஒரு சோளத்தை மடலோடு கடதாசியில் சுற்றி, பாப்பாவுக்கு என்று தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

மேலே ஏறிப் போனோம். நீர்வீழ்ச்சி பெரிதுதான், அழகுதான், ஆனால் எனக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒரு பாறையில் இருந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு டாக்டர் வெளிய வந்து, ரெண்டு பேரில ஒராளத்தான் காப்பாத்த ஏலும் போல கிடக்கு எண்டு சொன்னவர்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே."

"நீ மயங்கிக் கிடந்தாய். அவர் ஆரை எண்டு என்னட்டக் கேட்கவுமில்ல, நான் சொல்லவுமில்ல. வெளியில கதிரையில குந்திக்கொண்டு இருந்தன். மறுகா வந்து, அம்மா தப்பிட்டா எண்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். சட்டையைக் கழற்றாமலே தண்ணீருக்குள் இறங்கி, தலையில் அது விழ விழ நின்றார். நான் வா என்று கூப்பிடவில்லை.

இறங்கி வந்தபோது அந்தக் கடை அங்கே இருக்கவில்லை, பாழடைந்து கிடந்தது என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள் என்றால், இல்லை, கடை அப்படியேதான் இருந்தது. அவள் வேறு யாருக்கோ தேநீர் ஆற்றிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். சோளமும் சாதாரணச் சோளம்தான். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், ஆறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் இரண்டாக முறித்து ஆளுக்குப் பாதி தின்றோம். அவர் தின்று முடித்துவிட்டு வெறும் தண்டை எறியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

விடுதிக்காரருக்கும் கடைக்காரிக்கும் ஒரே மாதிரி ஆள் மாறிப்போயிருக்கலாம். மட்டக்களப்பில் அதே தழும்போடு, அதே தொழிலோடு, மனைவியைப் பறிகொடுத்த இன்னொருவர் இருக்கலாம். யாரிடமும் இதைத்தான் சொல்வேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதைத்தான். அதை நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன், ஒரு விஷயம் மட்டும் இல்லாவிட்டால்.

நீர்வீழ்ச்சியிலிருந்து இறங்கும்போது இவர் எனக்கு முன்னால் போனார். படிகள் ஈரமாக இருந்தன. ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்த படிக்குக் கால் வைத்தார். இடது கை உடம்பிலிருந்து சற்று விலகி, இடுப்புக்குக் கீழே தாழ்ந்து, விரல்கள் எதையோ பற்றியதுபோல் அரைவாசி மூடியபடி இருந்தது. காய்ச்சல் கிடந்த உடம்பு, தடுமாறுகிறார் என்று நினைத்தேன்.

இப்போது அவர் நன்றாகத் தேறிவிட்டார், எஞ்சினைத் தனியாகத் தூக்குகிறார். ஆனால் சந்தைக்கு முன்னால் ரோட்டைக் கடக்கும்போது அந்தக் கை அதே உயரத்துக்கு இறங்குகிறது, வாகனம் வந்தால் பின்னுக்கு இழுக்கிறது, நடையும் சின்னதாகிவிடுகிறது. அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. எப்போதும் அவருடைய இடது பக்கத்தில் நடந்துவந்தவள், இப்போது வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன்.