எங்கள் ஹால்ட்டில் நிற்காத பாசஞ்சர்

பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்து கிளம்பும் கருகிய இரும்பு வாசனைதான் சின்ன வயதில் என்னை எழுப்பியது. தாம்பரத்தில் ஏறியதுமே ஜன்னலோரம் தூங்கிப்போகிற என்னை, செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த வாசனை வந்ததும், "ஹால்ட்டு வந்துடுச்சு, எழுந்திரு" என்று அம்மா உலுக்குவாள். ஒரு மண்மேடு, ஒரு மஞ்சள் பலகை, ஒரு வேப்பமரம், இவ்வளவுதான் அந்த 'ஹால்ட்டு'. அதை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அம்மா டீச்சர். இரும்புலியூர் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் அங்கேயே படித்தேன். வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்து அம்மாவின் சாப்பாட்டுக் கூடையை வாங்கித் தூக்கிவரச் சண்டை போடுவார்கள். என்னை யாரும் கண்டுகொண்டதேயில்லை.

ஏறி இறங்கும் கூட்டம் போதவில்லை, ஹால்ட்டை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், மறைமலை நகரில் வேலை பார்த்த அப்பா, "வண்டி நிக்காத ஊருக்கு எப்படிப் போவே? பேசாம டிரான்ஸ்ஃபர் கேளு" என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகளை விட்டு வர அம்மாவுக்கு மனசே வரவில்லை.

மூடிய மறுநாளும் அம்மா அதே பாசஞ்சரில்தான் ஏறினாள். "டிரைவருக்கு நம்மளத் தெரியாதா? நிறுத்துவாரு பாரு" என்றாள். நான் தூங்காமல் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வாசனை வரவில்லை. மண்மேடும் மஞ்சள் பலகையும் கூடைக்காக நீண்ட கைகளும் ஜன்னலைக் கடந்து நழுவிப் போயின, "டீச்சர் போறாங்கடா!" என்ற கூச்சல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அவர்களுக்குக் கையாட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வரப்பும் ஏரிக்கரையுமாகத் திரும்பி நடந்தோம். பாதி வழியில், பால் கேனைக் கழற்றி வைத்துவிட்டு சைக்கிளில் எதிரே வந்தார் ஒரு பிள்ளையின் அப்பா. "இன்னா டீச்சரம்மா, பசங்க அழுதுகினு கீதுங்க, நீங்க பாட்டுக்கு டாட்டா காட்டிட்டுப் போறீங்க? ஏறுங்க பின்னாடி" என்று என்னை முன்கம்பியில் தூக்கி வைத்தார். மறுநாளிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வாசலில், வீட்டுக்கு வீடு முறைவைத்து, ஒரு சைக்கிள் எங்களுக்காக நின்றது. "டிரான்ஸ்ஃபர் வேணாங்க, எனக்கு வண்டி வருது" என்று அம்மா சொன்ன பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரிட்டையர் ஆகும்வரை அவள் வேறு பள்ளிக்கூடம் பார்க்கவில்லை.

இப்போது அந்த மீட்டர் கேஜ் தண்டவாளமும் இல்லை, மஞ்சள் பலகையும் இல்லை. மேடு முழுக்க முள் மண்டிக் கிடக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் போகும்போது, வண்டி வேகத்தைக் குறைக்காமல் அந்த இடத்தைக் கடந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கையாட்டினாள். எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா அங்க?" என்று கேட்டார்.

"கூடை வாங்க வந்திருப்பாங்க" என்றாள் அம்மா.